யானைப் பாதையில் நான் போட்ட வேலி

ரொறன்ரோவில் ஒரு வீட்டுப் பின்வளவில் வேலி நிமிர்ந்து நின்றால் அது நான் போட்டதாக இருக்கலாம். சாய்ந்து நின்றால் வேறு யாரோ போட்டது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அஜின்கோர்ட் பக்கம் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் யாருக்கும் விளங்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. கனடாவுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் குடியிருப்பின் வரவேற்பறைத் தரையில் படுத்து எழும்பி, ஒரு மண்வெட்டியும் இன்னொருவருடைய வான் வண்டியுமாகத் தொழிலைத் தொடங்கினேன். என் மகள் பல்கலைக்கழகம் போய்ப் படித்து பக்கத்து மார்க்கம் நகரத்தில் வீடு வாங்கினாள். அந்த வீட்டுக்கும் வேலி நான்தான்.

ஆகவே குணம் உகண்டாவிலிருந்து போன் எடுத்தபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

குணம் மட்டக்களப்புக்காரன். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிறம்ரனில் ட்ரக் ஓட்டினவன். அவனோடு ஓடிய ஓர் உகண்டாக்காரர் தன் ஊரைப் பற்றிக் கதைத்துக் கதைத்து, ஒருமுறை விடுமுறைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வந்தவன் ட்ரக்கை விற்றுவிட்டு அங்கேயே போய்விட்டான். காட்டு ஓரத்தில், ஊர்ச் சங்கத்துக்குச் சொந்தமான காணியைக் குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டார் வந்து தங்கி யானையும் சிம்பன்சியும் பார்க்க ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணை, ஆறு குடில். எல்லாம் தூணில நிக்கோணும். நிலத்தைத் தொடக்கூடாது. தூண் நட ஒரு ஆள் வேணும்."

"அங்க ஆக்கள் இல்லையோ?"

"இருக்கினம். உங்களைப்போல இல்லை."

உண்மை பேசுகிறவனை நான் மதிப்பேன். பெட்டியை அடுக்கினேன்.

மரத்தை வெட்டாமல், மரத்தைக் காட்டிப் பிழைப்பது என்பதுதான் குணத்தின் திட்டம். எனக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் பலகையில் பிழைத்தவன்.

கம்பாலாவில் இறங்கி, மேற்கே போகிற வான் வண்டி ஒன்றில் ஏறினேன். பதினான்கு பேருக்கு என்று கதவில் எழுதியிருந்தது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. என் மடியில் ஒரு கோழி இருந்தது. யாருடையது என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பாதி வழியில் ஒரு சில்லுக்குக் காற்றுப் போனது. இறங்கி நின்றோம். ஒருவரும் சாரதியை ஏசவில்லை. எங்கள் 401 நெடுஞ்சாலையில் இப்படி ஒரு வாகனம் நின்றிருந்தால் பின்னால் நிற்பவர்கள் அதன் பரம்பரையையே விசாரித்திருப்பார்கள். இங்கே ரோட்டோரத்தில் அடுப்பு வைத்திருந்த பெண் எங்களுக்கு முட்டையைச் சப்பாத்திக்குள் சுருட்டிச் சுருட்டித் தந்தார். அந்தச் சாப்பாட்டுக்கு விலையுயர்ந்த ஒரு மணிக்கூட்டின் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு சாப்பிட்டேன். திரும்ப ஏறியபோது கோழி வேறொருவர் மடிக்குப் போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

பயணத்தின் கடைசித் துண்டுக்கு மோசஸ் மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றார். குணத்தின் வலது கை அவர். காட்டில் வழிகாட்டி, ரோட்டில் சாரதி, ஊர்க் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர். நாற்பது வயது இருக்கும். அவருடையது பள்ளிக்கூட ஆங்கிலம். என்னுடையது வேலைத்தலத்து ஆங்கிலம். என் ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தைகள் மட்டும் அவருக்குப் புதிதாக இருந்தன. இனி அந்த ஊர்க்காரர் பேசுவதையெல்லாம் மோசஸ் எனக்குச் சொன்னபடி, என் தமிழில் தருகிறேன்.

அந்த ஊரில் ஆளுக்கு இரண்டு பெயர். ஒன்று சொந்தப் பெயர். மற்றது செல்லப் பெயர். செல்லப் பெயர்கள் மொத்தமே ஒரு கைப்பிடி, அதை ஊரே பங்குபோட்டு வைத்திருக்கிறது. ஒருவரைக் கண்டால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் சுகம் விசாரிக்க வேண்டும். வந்தவனுக்கும் ஒன்று தருவார்கள். எனக்குத் தந்தவர் கெமிகிசா. ஊர்ச் சங்கத்தின் தலைவி, ஐம்பதைத் தாண்டியவர். விடுதிக் காணிக்கு அடுத்த தோட்டம் அவருடையது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவருக்கு அராலி."

எல்லோரும் கை தட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் அராலி என்று ஓர் ஊர் இருக்கிறது. கரப்பந்தாட்டத்தில் எங்கள் ஊரை ஒவ்வொரு வருடமும் தோற்கடித்த ஊர். அந்தப் பெயரை ஆபிரிக்காவில் சுமந்து திரிவேன் என்று நான் நினைக்கவில்லை.

அன்று மத்தியானம் கெமிகிசா வீட்டில் சாப்பாடு. வாழைக்காயை இலையில் பொதிந்து அவித்து மசித்து, மேலே கச்சான் குழம்பு, அதுதான் நிலக்கடலைக் குழம்பு, ஊற்றித் தந்தார். நல்ல சாப்பாடு. உறைப்பு மட்டும் இல்லை. கொண்டுபோன மிளகாய்த்தூளைத் தூவினேன். அவரும் ருசி பார்த்தார். எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தார்.

வந்து இருந்து தன் கதையைச் சொன்னார். கம்பாலாவிலிருந்து ஒரு முதலாளி அடிக்கடி வருகிறாராம். இந்தக் காணியைத் தந்தால் முழுக்க யூக்கலிப்டஸ் நடுவேன் என்கிறாராம்.

"ஊரில பாதிப் பேருக்கு அது விருப்பம். மரம் வளர்ந்தால் விக்கலாம். விருந்தாளியளுக்குச் சமைக்கத் தேவையில்லை. நான்தான் விடுதிக்குக் குடுப்பம் எண்டு எல்லாரையும் மடக்கினனான்."

"ஏன்?"

"காணியை முழுக்க அடைச்சு மரம் நட்டால் யானை எங்கால போறது? என்ர தோட்டத்துக்காலதான்."

ரொறன்ரோவில் என் வீட்டு முற்றத்தில் நிற்கிற பெரிய மரத்தை நான் வெட்டுவதற்கு நகரசபையிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று சொன்னேன். அவருக்கு அது பிடித்துக்கொண்டது. "அப்ப நல்ல நாடுதான்" என்றார். என் மரத்துக்கும் எனக்கும் நடந்த சண்டையை நான் சொல்லவில்லை.

மறுநாள் குணம் காணியைச் சுற்றிக் காட்டினான். ஒரு பக்கம் காடு. காடு என்றால் பச்சைச் சுவர். வெளியே வெயில் எரிக்கும்போது உள்ளே விளக்குப் போட வேண்டும் போல இருக்கிறது. மறுபக்கம் தோட்டங்கள், தூரத்தில் தேயிலை. நடுவில் புல்வெளி. குணம் தடியால் காட்டினான்.

"இந்த நடுவில ஒண்டும் வைக்காதேங்கோ அண்ணை. யானை வாற வழி. இதைத் திறந்து வைப்பம் எண்டு சொல்லித்தான் காணி எடுத்தனான்."

சொல்லிவிட்டு, கொமட்டும் சோலர் பலகையும் வாங்கி வருவதற்குக் கம்பாலாவுக்குப் போய்விட்டான்.

குடில்களுக்கான தூண்களை நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் நட்டு முடித்தேன். எனக்கு அது புதிது இல்லை. பிறகு சும்மா இருந்தேன். சும்மா இருந்தபோதுதான் கவனித்தேன்: காணிக்கு ஒரு பக்கமும் வேலி இல்லை.

வேலி இல்லாத காணியில் எனக்கு நித்திரை வராது. இது வியாதி இல்லை, யாழ்ப்பாணம். எங்கள் பக்கத்தில் ஒரு காணியை வாங்கினால் முதலில் வேலி, பிறகுதான் கிணறு, வீடு எல்லாம். எவனாவது ஒருவனை உங்கள் காணிக்குள்ளால் நடந்து போக விட்டீர்கள் என்றால், நாளைக்கு அது பாதை. நாளன்றைக்கு அது அவனுடைய பாதை. பிறகு நீங்கள் வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போக வேண்டும். குணம் கிழக்கில் பிறந்தவன், காணி அகலமான ஊர், இதெல்லாம் அவனுக்குத் தெரியாது என்று நினைத்தேன். அவன் திரும்பி வரும்போது ஒரு சந்தோஷம் கொடுப்போம் என்று காட்டுப் பக்கமாக வேலிக்கு நூல் பிடித்தேன்.

மோசஸ் வந்து பார்த்தார். "அராலி, இது யானையின்ர பாதை."

"அதைத்தான் நானும் சொல்லுறன். இப்ப விட்டால் பிறகு மறிக்கேலாது. எங்கட ஊரில ஒரு மனுசி தண்ணி அள்ளப் போன ஒழுங்கைக்கு மூண்டு தலைமுறை வழக்காடினது."

"யானை வழக்குப் போடுமோ?"

"அதுக்கும் பேரப்பிள்ளையள் இருக்குமெல்லோ?"

மோசஸ் காட்டைப் பார்த்தார். "குணம் வந்து பாக்கட்டும்" என்றார். நானும் அதற்குத்தான் அவசரப்பட்டேன். நடுவில் ஒன்றும் வைக்க வேண்டாம் என்றுதான் குணம் சொன்னான். நான் ஓரத்தில்தானே போட்டேன்.

ரோட்டோரத்தில் யூக்கலிப்டஸ் கம்புகள் விற்கிறார்கள். மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே கட்டி ஏற்றினோம். எதிரே வந்தவர்கள் எல்லோரும் குனிந்து வழி விட்டார்கள். ஒரு பாதிரியாரும் குனிந்தார். ரொறன்ரோவில் வேலித் தூணை நாலு அடி இறக்க வேண்டும். பனிக்காலத்தில் நிலம் உறைந்து வீங்கித் தூணை மேலே தள்ளிவிடும். அங்கே வேலி சாய்வதற்குக் காரணம் முக்கால்வாசி இதுதான். இங்கேயும் நாலு அடி தோண்டச் சொன்னேன். சீமெந்தும் போட்டேன். தோண்டிய ஆட்களில் ஒருவர் ஏன் இவ்வளவு ஆழம் என்று கேட்டார்.

"பனி" என்றேன்.

மோசஸ் மொழிபெயர்த்தார். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். பூமத்தியரேகை அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் போகிற தூரம்.

வேலி முடிந்தது. முள்ளுக்கம்பி ஐந்து வரி, காணியின் நீளத்துக்கு. விரலால் தட்டினால் ரீங்காரம் வந்தது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்புக்கு அனுப்பினேன். மகள் ஒரு கட்டைவிரல் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து விடிய மோசஸ் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். புல்லில் யானைகளின் தடம் கிடந்தது. பெரியது இரண்டு, கூடவே ஒரு குட்டி. காட்டிலிருந்து வந்து, என் வேலிக்கு முன்னால் நின்று, திரும்பி, வேலி ஓரமாகவே கடைசித் தூண்வரை நடந்து, அங்கே வளைந்து கெமிகிசாவின் தோட்டத்துக்குள் இறங்கியிருந்தன. சோளம் முழுக்கத் தரையில். போஞ்சி அவரைச் செடிகள் இருந்த இடத்தில் சேறு. வத்தாளங்கிழங்கைக் கிளறி எடுத்திருந்தன. என் வேலியில் ஒரு தூண்கூட அசைந்திருக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கெமிகிசா தோட்டத்தின் நடுவில் நின்றார். ஒடிந்த சோளத் தண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"உங்கட வேலி நல்ல வேலி, அராலி. யானைக்கு என்ர வீட்டு வழியைக் காட்டியிருக்கு."

அந்தப் போகம் அவர் வீட்டில் உலையில் போட இருந்தது அதுதான். அதைவிட, ஊரில் எல்லோரையும் விடுதிக்குச் சம்மதிக்க வைத்தவர் அவர். பின்னேரத்துக்குள், யூக்கலிப்டஸ்தான் வேண்டும் என்று நின்ற அவருடைய கொழுந்தன் வந்து வாசலில் நின்று, "உன்ர விருந்தாளியள் வந்திட்டினம், உன்ர வீட்டுச் சாப்பாடு நல்லாயிருந்ததாம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

குணம் அடுத்த நாள் வந்தான். வானிலிருந்து பெட்டிகளை இறக்கிவிட்டு வேலியைப் பார்த்தான். பிறகு தோட்டத்தைப் பார்த்தான். கொமட் இருந்த பெட்டியின் மேலே அப்படியே இருந்துவிட்டான்.

"நான் மட்டக்களப்பான் அண்ணை. யானை வழிய மறிச்சா என்ன நடக்குமெண்டு எங்கட ஊர்ச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

"எங்கட ஊருக்கு யானை கோயில் திருவிழாவுக்குத்தான் வரும்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டால் நீ வேண்டாம் எண்டிருப்பாய்."

"ஓம், எண்டிருப்பன். மறுகா இப்ப அந்த மனுசிக்கு நான் என்ன சொல்ல? ஊர் காணியத் திருப்பிக் கேட்டா நான் பிறம்ரனுக்கு வந்து ஆர்ர ட்ரக்க ஓடுற?"

மிச்சப் பெட்டிகளை நான் தூக்கி உள்ளே வைத்தேன்.

ஊர்க் கூட்டம் தேவாலயத்துக்குள் நடந்தது. கம்பாலா முதலாளியும் வந்திருந்தார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. மடிப்புக் கலையாத சட்டை. எழும்பி, "என்ர மரங்கள் ஒருநாளும் உங்கட தோட்டத்துக்குள்ள வராது" என்றார். கைதட்டல் கிடைத்தது. ஒரு பெரியவர், "விருந்துக்கு வந்து வேலி போடுறவனைவிட மரம் மேல்" என்றார். அதற்கும் கைதட்டல்.

நான் எழும்பினேன். வேலியைப் போட்டவன் நான், குணத்துக்கும் கெமிகிசாவுக்கும் அது தெரியாது, கழற்றுகிறவனும் நானே என்றேன். கனடாவில் என் வேலி விழுந்தது என்று இதுவரை ஒருவரும் வந்து சொன்னதில்லை என்பதையும் சொன்னேன். மோசஸ் மொழிபெயர்த்தார். நான் பேசியது நீளம். அவர் பேசியது ஒரு வரி.

"என்ன சொன்னனீர்?" என்று பிறகு கேட்டேன்.

"பிழை விட்டிட்டார் எண்டு."

கடைசியாகக் கெமிகிசா எழும்பினார். அவர் சொன்னது இதுதான். வேலி கழல வேண்டும். கம்பையும் கம்பியையும் காட்டைப் பார்த்த தோட்டங்களுக்கு முன்னால் கொண்டுபோய் வேலியாகப் போட வேண்டும். ஆறு குடிலில் இரண்டுக்கு நட்ட தூண்கள் யானைப் பாதைக்கு மிகக் கிட்ட நிற்கின்றன. அந்த இரண்டும் கழல வேண்டும். அடுத்த போஞ்சி அறுவடைவரை பார்ப்போம். அதற்குள் யானை தன் பழைய பாதையால் போய் வந்தால் விடுதி இருக்கட்டும். போகாவிட்டால் காணி யூக்கலிப்டஸுக்கு.

"அப்படி வந்தால் முதல் கையெழுத்து நான்தான் வைப்பன்" என்று கொழுந்தனைப் பார்த்துச் சொன்னார்.

குணம் தலையாட்டினான். இரண்டு குடில் போனால் அவன் கணக்கு எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். அறுவடைவரை கெமிகிசா வீட்டுக்குச் சாப்பாடு விடுதிக் குசினியிலிருந்து போகும் என்று மட்டும் சொன்னான்.

கழற்றும் வேலை தொடங்கியது. நான் போட்ட வேலியைக் கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அதுவரை எனக்கே தெரியாது. நாலு அடி ஆழம், அடியில் சீமெந்துக் கட்டி. போட்டதைவிட இரண்டு மடங்கு நாள் பிடித்தது. வேறு யாராவது போட்டிருந்தால் ஒரு காலையில் கழன்றிருக்கும். ஊர்ப் பாதி வந்து தோண்டியது. தோண்டும்போது பாடினார்கள். பாட்டில் அராலி என்று வந்தது. மோசஸிடம் கேட்டேன். "பனி வரப்போகுது, இன்னும் கொஞ்சம் தோண்டு" என்று பாடுகிறார்களாம். தாளம் நன்றாக இருந்தது. நானும் சேர்ந்து தோண்டினேன்.

தோட்டங்களுக்கு முன்னால் வேலி போடும்போது எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கெமிகிசாவைக் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் ஒரு வாடிக்கையாளரிடமும் கேட்காத கேள்வி இது. அவர் தன் தொடையில் கை வைத்துக் காட்டினார். அவ்வளவே தோண்டினேன். கம்பியில் வெறும் தகரப் பேணிகளைக் கட்டினார்கள், யானை தொட்டால் சத்தம் வர. வடிவில்லாத வேலி. படம் எடுக்கவில்லை.

புறப்படும் நாள் கெமிகிசா ஒரு பொதி வறுத்த கச்சானோடு வந்தார்.

"யானை எப்ப பழைய பாதைக்கு வரும்?" என்று கேட்டேன்.

"மழை பெய்யோணும். சீமெந்து மணம் போகோணும். அதுகள் உங்களை மறக்கோணும்."

"என்னை மறக்கிறது அவ்வளவு லேசில்லை" என்றேன்.

மோசஸ் அதை மொழிபெயர்க்கவில்லை.

ரொறன்ரோவில் எனக்கு வேலை குவிந்து கிடந்தது. ஆனாலும் தினமும் காலையில், கோப்பியைக் கையில் எடுத்ததும் குணத்துக்குப் போன். "வந்ததோ?" என்பேன். "இல்லை அண்ணை." முதல் விருந்தாளிகள் வந்தார்கள், புல்வெளியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், போனார்கள். போஞ்சி பூத்தது. யானை வரவில்லை. தோட்டத்துப் பக்கமும் வரவில்லை. கம்பாலா முதலாளி ஒருநாள் வந்து காணியை அளந்துகொண்டு போனதாகக் குணம் சொன்னான். போஞ்சி காய்த்தது. "கெமிகிசா கதைக்கிறவவோ?" என்று கேட்டேன். "கும்பிட்டால் கும்பிடுவா." அதன் பிறகு நான் கேட்பதையும் குறைத்துக்கொண்டேன். போன் எடுப்பேன், அவன் இல்லை என்பான், வைத்துவிடுவேன்.

பிறம்ரனில் ஒரு களஞ்சியசாலைக்கு வேலி போட்டுக்கொண்டிருந்த நாளில் அவனே எடுத்தான்.

"வந்தது அண்ணை."

நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன். "எங்கால?"

"நடுவால. அந்த ரெண்டு குடிலும் கழட்டின இடத்தால. குட்டியும் வந்தது. தோட்டத்துப் பக்கம் தலைய வெச்சும் பாக்கல்ல. கெமிகிசா வேலிக்கு இஞ்சால நிண்டு பாத்துக்கொண்டிருந்தவ. போஞ்சிக் கூடையோட நேர கொழுந்தன்ர வீட்டுக்குப் போய்க் காட்டிட்டு வந்திட்டா. முதலாளிய இனி வரவேணாமெண்டு சொல்லியாச்சு."

"அதுகள் நான் வேலி போட்ட இடத்தில நிண்டதுகளோ?"

"எந்த இடத்தில?"

"வேலி நிண்ட இடத்திலையடா. நிண்டு மோந்து கீந்து பாத்ததோ?"

"நிக்கல்ல அண்ணை. அப்பிடியே நடந்து போயிட்டுது."

"கொஞ்சமும் நிக்கேல்லையோ?"

"கொஞ்சமும்."

நல்லது என்றேன். மண்வெட்டியை எடுத்து அடுத்த குழியை நாலு அடிக்கும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினேன்.